ஒரே பந்தய எண், ஓடுவது ரெண்டு உயிர்! தெரியுமா?

நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் ஒரு மைல் தூரத்தை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முடித்திருக்கிறார், தெரியுமா? கட்டுக்கதை இல்லை, கடிகாரமே சாட்சி! 2020 அக்டோபர். அமெரிக்க ஓட்டக்காரர் மக்கென்னா மைலருக்கும் அவர் கணவருக்கும் வீட்டுக்குள் ஒரு பந்தயம். ஒன்பதாம் மாதத்தில் எட்டு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓட உன்னால் முடியாது என்று கணவர் நூறு டாலர் கட்டினார். மனைவி ஓடிய நேரம் 5 நிமிடம் 25 விநாடி. போயிற்று நூறு டாலர்! கணக்குப் போட்டால் மணிக்குக் கிட்டத்தட்ட 18 கி.மீ. வேகம். மாலை ஆறு மணிக்கு அண்ணா சாலையில் ஊர்கிற பல கார்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. சில நாளில் பெண் குழந்தை பிறந்தது. மறு ஆண்டே ஒலிம்பிக் அணிக்கான 10,000 மீட்டர் தேர்வுப் போட்டியின் தொடக்கக் கோட்டில் நின்றார் மைலர்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்டாப்வாட்சைத் தேட வேண்டாம். ஆண்டுக்கணக்காக ஓடிப் பழகிய உடம்பு அது. ஆனால் இந்த ஆச்சரியம் அமெரிக்காவோடும் வீராங்கனைகளோடும் நின்றுவிடவில்லை. அதே 2020, டிசம்பர் மாதம், நம் பக்கத்து ஊரான பெங்களூரு. டி.சி.எஸ். வேர்ல்டு 10கே ஓட்டம். ஐந்து மாதக் கர்ப்பிணியான ஒரு பொறியாளர் 10 கிலோமீட்டரை 62 நிமிடத்தில் முடித்தார்! நடுநடுவே நடந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி ஓடி. வயிற்றில் பிள்ளை இல்லாதவர்களே பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் முடிக்கத் திணறுவார்கள் என்பது ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நம் வீடுகளில் பிள்ளைத்தாச்சி வாசல்படி தாண்டும்போதே “பாத்து, பாத்து” என்று நாலு குரல் கேட்கும். அந்த அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அந்த நாலு குரலும் கொஞ்சம் வாய் பிளந்து நிற்கும்!

முதலில் ரத்தம். கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணின் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது, தெரியுமா? ஒரு லிட்டருக்கும் மேல் புது ரத்தம்! ரத்தத்தின் திறனைக் கூட்டுவதற்காகத்தான் ஓட்டக்காரர்கள் மாதக்கணக்கில் மலையூர்களில் போய்த் தங்குகிறார்கள். சிலர் குறுக்கு வழியில் ஊசி போட்டுக்கொண்டு தடையும் வாங்குகிறார்கள். இவளுக்கு வீட்டில் இருந்தபடியே கூடுகிறது. இதயம் சும்மா இருக்குமா? ஒரு நிமிடத்தில் அது வெளியே தள்ளும் ரத்தம் 30 முதல் 50 சதவீதம் அதிகமாகிறது. நாற்காலியில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கும்போதே நாடி நிமிடத்துக்குப் பத்து இருபது துடிப்பு கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கும்!

இதில் ஒரு உள்குத்தும் உண்டு. கூடும் ரத்தத்தில் நீர்ப்பகுதி வேகமாக ஏறுகிறது. சிவப்பணுக்கள் பின்னால் மெதுவாக வந்து சேர்கின்றன. ரத்தம் நீர்த்து, ஹீமோகுளோபின் அளவு இறங்குகிறது. இது இயற்கை. ஆனால் ஏற்கெனவே இரும்புச்சத்து குறைந்த உடம்பாக இருந்தால்? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! ஆகவே நம் ஊரில் இந்த விஷயத்தைப் பேசும்போது ஷூவுக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்க்க வேண்டும். சத்து மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறவர் பந்தயத்துக்குப் பதிவு செய்வது வேடிக்கை.

மூச்சு விஷயம் இன்னும் விசித்திரம். வயிறு வெளியே தெரியாத மூன்றாம் மாதத்திலேயே மாடிப்படி ஏறினால் சிலருக்கு மூச்சு வாங்குமே, குழந்தை நுரையீரலை நெருக்கும் அளவுக்கு வளர்ந்திருக்காதே, பிறகு ஏன்? புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் மூளைக்குப் போய் “இன்னும் ஆழமாக இழு, இன்னும் ஆழமாக இழு” என்று விரட்டுகிறது! ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் காற்று 30 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. கடைசி மாதங்களில் உதரவிதானம் சுமார் 4 சென்டிமீட்டர் மேலே தள்ளப்படும். ஆனால் விலா எலும்புக்கூடு பக்கவாட்டில் அகன்று இடம் கொடுத்துவிடும். காற்று குறையாமலே மூச்சு முட்டுவதுபோல் தோன்றும் பருவம் அது.

முதுகெலும்புக்கு வாருங்கள். இது எனக்கு மிகவும் பிடித்தது. பெண்ணின் இடுப்பு முதுகெலும்பும் ஆணுடையதும் ஒரே மாதிரி இல்லை, தெரியுமா? இடுப்புக்கு மேலே முதுகு உள்வாங்கி வளைகிற இடத்தில் ஆப்பு வடிவ எலும்புகள் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு மூன்று! 2007-ல் கேத்தரின் விட்கோம் என்ற மானுடவியலாளரும் அவருடைய சகாக்களும் நேச்சர் இதழில் இதை எழுதினார்கள். முன்னால் வயிறு கனக்கும்போது பின்னால் சாய்ந்து சமநிலை பிடிக்கத்தான் அந்த மூன்றாவது எலும்பு. இருபது லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான, மனிதனுக்கு முந்தைய ஆஸ்ட்ரலோபித்திகஸ் எலும்புகளிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறதாம்! இரண்டு காலில் நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய அந்தக் காலத்திலேயே, வயிற்றில் பிள்ளையோடு உணவு தேடி அலைந்தவளுக்காக முதுகு மாறிவிட்டது. கர்ப்பிணிக்கு அசையாமல் உட்காருவதுதான் இயல்பு என்று எந்த முதுகெலும்பும் சொல்லவில்லை.

இன்னும் ஒரு கணக்கு. 2015-ல் அமெரிக்காவில் ஒரு கூட்டம் கலிபோர்னியாவிலிருந்து வாஷிங்டன் வரை நாட்டைக் குறுக்காக ஓடியே கடந்தது. வாரத்துக்கு ஆறு மராத்தான், இருபது வாரம்! அவர்கள் உடம்பு எரிக்கும் சக்தியை விஞ்ஞானிகள் கூடவே போய் அளந்தார்கள். 2019-ல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் முடிவு வந்தது: மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் மனித உடம்பால், சும்மா படுத்திருக்கும்போது எரிக்கும் சக்தியைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் எரிக்க முடியாது. அதற்கு மேல் போனால், தின்பதைக் குடல் கிரகித்து ஈடுகட்ட முடியாமல் உடம்பு தன்னையே தின்னத் தொடங்கும். சரி, கர்ப்பிணி எரிப்பது எவ்வளவு? 2.2 மடங்கு! மனித உடம்பின் உச்ச வரம்புக்கு ஒரு முழம் கீழே, மாதக்கணக்காக, துணி மடித்துக்கொண்டும் பஸ் பிடித்துக்கொண்டும். “என்ன, சும்மாவே படுத்துக்கிற?” என்று கேட்கும் மாமியார்களுக்கு இந்த ஆய்வை அச்செடுத்துக் கொடுக்கலாம்.

இதற்கெல்லாம் மேலே ஒரு பந்தயம் வேறா? பழைய மருத்துவர்கள் அப்படித்தான் கேட்டார்கள். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். பார்க்கவே கோரமாக இருக்கிறது என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அந்தப் போட்டியையே தூக்கிவிட்டார்கள். அது திரும்பி வந்தது 1960-ல்! கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கே, இரண்டு சுற்றுக்கே, 32 வருடத் தடை. பெண்கள் மராத்தானோ 1984-ல்தான் ஒலிம்பிக்குக்குள் நுழைந்தது.

அடுத்த ஆண்டு, 1985-ல், அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு கர்ப்பிணிகளுக்கு ஒரு விதி வகுத்தது: நாடித்துடிப்பு 140-ஐத் தாண்டக்கூடாது, கடுமையான பயிற்சி 15 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. 15 நிமிடத்தில் 5 கிலோமீட்டரை முடித்துவிட்டு வருவதாக யாராவது வாதாடியிருக்கலாம். ஆனால் உலகிலேயே ஒரு பெண் 5000 மீட்டரை 15 நிமிடத்துக்குள் முதன்முதலாக ஓடியதே 1984 ஜூனில்தான்! நார்வேக்காரர் இங்கிரிட் கிறிஸ்டியான்சன், 14 நிமிடம் 58.89 விநாடி.

அந்த இங்கிரிட் யார் தெரியுமா? இந்தக் கட்டுரைக்காகவே பிறந்தவர்! 1983 ஜனவரியில் அமெரிக்காவின் ஹூஸ்டன் மராத்தானில் முதலிடம் பிடித்தார். மார்ச்சில் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் நகரில் உலகக் கிராஸ் கன்ட்ரி போட்டி. வழக்கமாக முன்வரிசையில் ஓடுகிறவர் 35-வதாக வந்தார். என்ன ஆயிற்று இந்தப் பெண்ணுக்கு என்று எல்லோரும் குழம்ப, அவர் ஓடும் விதத்தைப் பார்த்த பயிற்சியாளரின் மனைவி மட்டும் சரியாகச் சந்தேகப்பட்டார். பரிசோதித்தால், ஐந்து மாதம்! ஹூஸ்டனில் ஜெயித்தபோதே வயிற்றில் பிள்ளை இருந்திருக்கிறது, அம்மாவுக்கே தெரியவில்லை! ஆகஸ்டில் மகன் பிறந்தான். ஐந்தே மாதம் கழித்து 1984 ஜனவரியில் அதே ஹூஸ்டனுக்குப் போய் மறுபடி முதலிடம். அந்த ஜூனில்தான் 15 நிமிடச் சுவரை உடைத்தது. 1985-ல் லண்டனில் மராத்தான் உலக சாதனை, 2 மணி 21 நிமிடம் 6 விநாடி. 1998 வரை யாரும் அதைத் தொடவில்லை. அந்தக் கர்ப்பத்தைக் கண்டுபிடித்தது ஆய்வகம் இல்லை, பயிற்சியாளர் மனைவியின் கண் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

அந்த 140 விதியோ ஆதாரம் போதாமல் 1994-லேயே கைவிடப்பட்டது. ஆனால் விதி செத்தும் வதந்தி சாகவில்லை. இன்றைக்கும் ஜிம் பயிற்சியாளர்கள் சிலர் அதே எண்ணைச் சொல்லி மிரட்டுவார்கள். இப்போது உலக சுகாதார நிறுவனமே, சிக்கல் இல்லாத கர்ப்பம் என்றால் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்யச் சொல்கிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவர் ஓட்டத்தைத் தொடரலாம், டாக்டர் தலையசைத்தால். இதுவரை ஓடாதவர் கர்ப்பத்தில் புதிதாக ஓட்டம் பழகுவதைவிட நடையில் தொடங்குவது மேல். நாடித்துடிப்பு முன்னமே எகிறி நிற்பதால் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பிப் பயனில்லை, பேச்சுதான் மீட்டர். பக்கத்தில் ஓடுகிறவளிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? வேகம் சரி. ஒற்றை வார்த்தையாகத் துண்டு துண்டாக வருகிறதா? குறை!

உள்ளே இருக்கும் ஆளுக்கு என்ன ஆகிறது? குலுங்கிவிடாதா? முதல் மூன்று மாதம் கருப்பை இடுப்பெலும்புக் கூட்டுக்குள்ளேயே பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. பிறகு பனிக்குட நீர். எட்டாம் மாதத்தில் அது முக்கால் லிட்டருக்கு மேல் இருக்கும். குழந்தை மிதக்கிறது. அம்மா ஓடினால் அதன் இதயத்துடிப்பும் நிமிடத்துக்கு 10 முதல் 30 வரை கூடும். அம்மா நின்றால் அதுவும் இறங்கும். அம்மாவோடு சேர்ந்து அதுவும் ஒரு ரவுண்டு போய்விட்டு வருகிறது!

ஆனால் ஓர் எல்லை இருக்கிறது, அதைக் கண்டுபிடித்த ஆய்வு கொஞ்சம் நெஞ்சைப் பிடிக்க வைக்கும். நார்வேயில் ஒலிம்பிக் தரத்து வீராங்கனைகள் ஆறு பேர், 23 முதல் 29 வாரக் கர்ப்பத்தில் டிரெட்மில்லில் ஏறினார்கள். வயிற்றின் மேல் ஸ்கேன் கருவி. உச்ச நாடித்துடிப்பில் 90 சதவீதத்தைத் தாண்டியபோது கருப்பைக்குப் போகும் ரத்தம் பாதிக்கும் கீழே இறங்கி, குழந்தையின் துடிப்பு மந்தமானது! நிறுத்தியதும் சட்டென்று சரியாகிவிட்டது. 2012-ல் வெளியான முடிவு இது. ஆறே பேர்தான், சின்ன ஆய்வு. என்றாலும் கடைசி நூறு மீட்டரில் பல்லைக் கடித்துக்கொண்டு பாய்வதை மட்டும் இந்த ஒரு வருடம் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்க இது போதுமான காரணம் என்பேன்.

சரி, சாதாரணப் பெண்கள்? ஆறு பேர் இல்லை, 1293 பேர்! இங்கிலாந்தில் பார்க்ரன் என்று ஒன்று உண்டு. சனிக்கிழமை காலை, 5 கி.மீ., காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். 2004-ல் லண்டனின் புஷி பார்க்கில் 13 பேரோடு தொடங்கியது இன்று பல நாடுகளில் ஓடுகிறது. அந்த வட்டத்துப் பெண்களிடம் லண்டன் ஆய்வாளர்கள் விசாரித்தார்கள். கர்ப்பத்திலும் ஓட்டத்தைத் தொடர்ந்தவர்கள் ஒரு பக்கம், நிறுத்தியவர்கள் மறுபக்கம். குறைமாதப் பிரசவம் கூடியதா? இல்லை. குழந்தையின் எடை குறைந்ததா? இல்லை! எத்தனை கிலோமீட்டர் ஓடினார்கள் என்பதும் எத்தனையாவது மாதம்வரை ஓடினார்கள் என்பதும் கணக்கை மாற்றவில்லை. ஒன்றே ஒன்று: தொடர்ந்து ஓடியவர்களுக்கு ஆயுதம் போட்டு எடுக்கும் பிரசவம் சற்றே அதிகம். இடுப்புத் தளத் தசைகள் இறுகிப்போனது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். இதை மறைத்துவிட்டு நல்லதை மட்டும் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வெயிலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், நம் ஊர் அப்படி. வயிற்றுக்குள் குழந்தை எப்போதுமே அம்மாவைவிட அரை டிகிரி சூடாக இருக்கிறது, தெரியுமா? தன் சூட்டைத் தணிக்க அதற்கு வியர்வை கிடையாது. அம்மாவின் ரத்தத்தில்தான் இறக்கிவைக்க வேண்டும். முதல் மூன்று மாதத்தில் அம்மாவின் உள்வெப்பம் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது குழந்தையின் முதுகுத்தண்டு, மூளை வளர்ச்சிக்கு ஆபத்து. சிட்னி ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி ஒரு பாதுகாப்புக் கோடு போட்டார்கள்: 25 டிகிரி வெயில், 45 சதவீத ஈரப்பதம், 35 நிமிடம் வரை நல்ல வேகத்தில் பயிற்சி, அந்த வரம்புக்குள் யாருடைய வெப்பமும் 39-ஐத் தொடவில்லை. 35 நிமிடம்! நிதானமாக ஓடுகிற ஒருவர் 5 கிலோமீட்டரை முடிக்கும் நேரம். சந்தோஷப்படுவதற்குள் ஈரப்பதத்தைப் பாருங்கள். மெரினாவில் விடியற்காலை ஐந்து மணிக்கு 45 சதவீத ஈரப்பதத்துக்கு எங்கே போவது! மார்கழி ஓட்டம் வேறு, மே மாத ஓட்டம் வேறு. ஆய்வுகள் நடந்த அறைகள் சென்னையில் இல்லை என்பதைப் பந்தயத்துக்குப் பதிவு செய்யும்போது நினைவில் வைக்க வேண்டும்.

இனி கொஞ்சம் கூட்டத்துக்குள் போவோம். 2014 ஜூன், அமெரிக்காவின் சேக்ரமெண்டோ. தேசியத் தடகளப் போட்டியில் பெண்கள் 800 மீட்டர். வரிசையில் நிற்கிறார் அலிசியா மோன்டானோ, எப்போதும்போல் தலையில் பூ, வயிற்றில் 34 வாரம்! மற்றவர்கள் பறந்துவிட்டார்கள். இவர் 2 நிமிடம் 32.13 விநாடியில் கடைசியாக வந்தார். தன் சொந்தச் சாதனையைவிட சுமார் 35 விநாடி கூடுதல். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மூன்று ஆண்டு கழித்து அடுத்த குழந்தையோடு, ஐந்தாம் மாதத்தில், அதே ஊரில் அதே போட்டியில் மறுபடி வந்து நின்றார் என்பதைத்தான் நம்ப முடிவதில்லை.

மராத்தான் இந்தக் கட்டுரையின் தூரம் இல்லை, ஆனாலும் சிகாகோவைத் தாண்டிப் போக மனசில்லை. 2011 அக்டோபர் 9. 39 வாரக் கர்ப்பிணி ஒருவர், பாதி ஓடு பாதி நட என்று டாக்டர் அனுமதித்தபடி, 42 கிலோமீட்டரை ஆறரை மணி நேரத்துக்குள் முடித்தார். முடியும்போதே வலி. ஒரு சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அன்றிரவே மூன்றரைக் கிலோவில் பெண் குழந்தை!

ஒலிம்பிக் பட்டியலும் நீளம். 1920-ல் ஸ்வீடனின் மாக்டா யூலின் கர்ப்பத்தோடு பனிச்சறுக்கு நடனத்தில் தங்கம். 2012 லண்டனில் மலேசியாவின் நூர் சூர்யானி எட்டு மாத வயிற்றோடு துப்பாக்கி சுட்டார். 2024 பாரிஸில் எகிப்தின் நாடா ஹஃபெஸ் ஏழு மாதத்தோடு வாள் வீசினார். அஜர்பைஜானின் வில்வீராங்கனை யாய்லாகுல் ரமஸானோவா, குழந்தை உதைத்ததை உணர்ந்த கையோடு அம்பை விட்டுப் பத்துக்குப் பத்து எடுத்தார்! நம் மாமல்லபுரத்திலும் ஒன்று நடந்தது. 2022 செஸ் ஒலிம்பியாட், ஹரிகா துரோணவல்லி ஒன்பது மாதக் கர்ப்பிணியாகப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து இந்தியப் பெண்கள் அணியோடு வெண்கலம் வென்றார். அது ஓட்டமில்லைதான். ஆனால் நிறைமாதத்தில் மணிக்கணக்கில் ஒரே நாற்காலியில் உட்காருவது ஓடுவதைவிடக் கஷ்டம் என்று சொல்லும் பெண்களை எனக்குத் தெரியும்.

இவ்வளவு கைதட்டலுக்கு நடுவே சம்பளச் சீட்டைப் பார்த்தீர்களா? ஒலிம்பிக் தங்க மங்கை அலிசன் ஃபெலிக்ஸ் 2018-ல் கர்ப்பமானபோது அதை ஒளிக்க, விடிவதற்கு முன் இருட்டில் போய்ப் பயிற்சி செய்தார், தெரியுமா? ஸ்பான்சர் ஒப்பந்தம் நடந்துகொண்டிருந்தது. விஷயம் தெரிந்தால் தொகை இறங்கிவிடும் என்ற பயம். ஓடவிடாமல் தடுத்தது வயிறு இல்லை, கணக்குப் பிள்ளை! 2019-ல் மோன்டானோ, காரா கவுச்சர், ஃபெலிக்ஸ் மூவரும் பத்திரிகையில் வெளிப்படையாகப் பேசியபிறகுதான், கர்ப்பத்தைச் சுற்றிய 18 மாதத்துக்குத் தொகையைக் குறைப்பதில்லை என்று நைக்கி நிறுவனம் ஒப்பந்தத்தை மாற்றியது.

பணம் வாங்காமல் பணம் கட்டி ஓடுகிறவர்களுக்கும் ஒரு வம்பு இருந்தது. கணுக்கால் சுளுக்கினால் பந்தய இடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம். கர்ப்பம் என்றால் முடியாது! ஆல்ப்ஸ் மலைத்தொடரில் நடக்கும் யு.டி.எம்.பி. ஓட்டத்தில் அப்படித்தான் ஒருமுறை இடத்தை இழந்தார் ஆங்கிலேயர் சோஃபி பவர். 2018-ல் மறுபடி இடம் கிடைத்தபோது கையில் மூன்று மாதக் குழந்தை. விடவில்லை. வழியில் நின்று பால் கொடுத்துவிட்டு ஓட்டத்தைத் தொடர்ந்தார். அந்தப் புகைப்படம் உலகத்தைச் சுற்றியது. கேள்விகள் கிளம்பின. லண்டன் மராத்தான் 2022-லும் பாஸ்டன் மராத்தான் அடுத்த ஆண்டும் கர்ப்பிணிகளுக்குத் தள்ளிவைக்கும் உரிமையைக் கொடுத்தன. நம் ஊர்ப் பந்தயங்களில் கட்டணம் கட்டுவதற்கு முன் இந்த ஒரு வரியைத் தேடிப் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். கேட்டால்தான் வரும்.

ஓடவே கூடாதவர்களும் உண்டு. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடிக் கீழே இருப்பவர், கருப்பை வாய் பலவீனமானவர், ரத்த அழுத்தம் ஏறியவர், குறைமாத வலி வந்தவர், கடும் ரத்தசோகை உள்ளவர், இதயக் கோளாறு உள்ளவர். இவர்களுக்குப் பந்தயம் அடுத்த வருடம். ஓடுகிறவர்களும் ரத்தக்கசிவு, நீர் கசிவு, தலைசுற்றல், நெஞ்சுவலி, கெண்டைக்கால் வீக்கம், விட்டு விட்டு வரும் வயிற்றிறுக்கம் இதில் எது வந்தாலும் அங்கேயே நிற்க வேண்டும். மெடலாவது ஒன்றாவது! வயிற்றைத் தாங்கும் பெல்ட் சிலருக்கு நன்றாக உதவுகிறது. இன்னொன்றை யாரும் வெளியே சொல்வதில்லை: ஓடும்போது சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசிவது கர்ப்பிணிகளுக்கு மிகச் சாதாரணம். வழியில் கழிப்பறை எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று என்று முன்னமே பார்த்துவைப்பவர் கெட்டிக்காரி. இடுப்புத் தளத் தசைப் பயிற்சியை அன்றே தொடங்குபவர் மகா கெட்டிக்காரி.

முடிப்பதற்குள் ஒன்று, காலடியில் நடப்பது. கர்ப்பத்தில் பாதமே நீண்டுவிடுகிறது, தெரியுமா? அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 49 பெண்களின் பாதங்களைக் கர்ப்பத்தின் தொடக்கத்திலும், பிரசவமாகி ஐந்து மாதம் கழித்தும் அளந்தார்கள். பாத வளைவு தாழ்ந்து, பத்தில் ஆறேழு பேருக்குப் பாதம் 2 முதல் 10 மில்லிமீட்டர் வரை நீண்டிருந்தது! வீக்கம் இல்லை, வீக்கம் வடிந்த பிறகும் நீளம் அப்படியே இருந்தது. முதல் பிரசவத்தில்தான் இது அதிகம். ஆகவே குழந்தை பிறந்து மறுபடி ஓடத் தொடங்குகிறவர் கடைக்காரரிடம் பழைய சைஸைச் சொல்லி ஷூ வாங்கிவிட வேண்டாம். சாயங்காலமாகப் போய், இரண்டு பாதத்தையும் அளக்கச் சொல்லி, பெரிய பாதத்துக்குப் பொருந்துவதை வாங்கட்டும்.